தலைப்பலகும் நூலும்: தொழினுட்பக் கைந்நூல்களின் உருவம் பற்றிச் சில கருத்துக்கள்

இலக்கியத் திறனாய்வு தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளாத எழுத்து வகைகளுள் தொழினுட்பக் கைந்நூல் முதன்மையானது. ஓர் இயந்திரத்தை இயக்கும் முறை, ஒரு மருந்தைக் கலக்கும் அளவு, ஒரு கணனிக் கட்டளையின் பயன் என்பவற்றைக் கூறும் எழுத்தை நாம் எழுத்தென்றே கருதுவதில்லை. கவிதைக்கும் நாவலுக்கும் உருவம் உண்டு. உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள உறவு பற்றி நம்மிடையே வாதங்கள் பல நிகழ்ந்துள்ளன. கைந்நூலுக்கு உருவம் உண்டா என எவரும் வினவியதாகத் தெரியவில்லை. ஆயினும், தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்று இலக்கண நூல் என்பதையும், அந்நூலே நூலெனப்படுவது எவ்வெவ்வுறுப்புக்களால் ஆக்கப்படும் என வரையறுக்க முற்பட்டது என்பதையும் நினைவுகூர்வோமாயின், இப்புறக்கணிப்பு நமது மரபிலிருந்து வந்ததன்று என்பது புலனாகும்.

கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில், பெரும்பாலும் அமெரிக்கக் கணனித் தொழிலைச் சார்ந்து வளர்ந்த ஓர் எழுத்து முறையை இங்கு நோக்குவோம். அதனைத் தலைப்பலகு முறை எனக் குறிப்பிடலாம். (இச்சொல் என் ஆக்கம், இதனினும் பொருத்தமானதொன்றை எவரேனும் தருவாராயின் மகிழ்வேன்.) நூலை அத்தியாயங்களின் தொடர்ச்சியாக எழுதாது, ஒவ்வொன்றும் ஒரே வினாவுக்கு விடையளிக்கும் தனித்தனி அலகுகளாக எழுதுவதே இம்முறை. ஒவ்வோரலகும் தன்னளவில் நிறைவுடையதாதல் வேண்டும். தனக்கு முன் எது நின்றது, பின் எது வரும் என்பதை அது அறியாது. அலகுகள் எவ்வொழுங்கில் வரவேண்டும் என்பது வேறொரு பட்டியலில் குறிக்கப்படும். பட்டியலை மாற்றினால் அதே அலகுகள் வேறொரு நூலாகிவிடும்.

இம்முறையின் மிக விரிவான வடிவம் 'டீற்றா' எனச் சுருக்கமாக வழங்கும் நியமமாகும். ஐ. பி. எம். நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு 2001 இல் வெளியிடப்பட்ட இது, பின்னர் ஒயாசிஸ் என்னும் நியம அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டு 2005 இல் ஏற்புப் பெற்றது. பெயரின் முதலெழுத்து டார்வினைக் குறிப்பது. பொது அலகொன்றிலிருந்து சிறப்பலகுகள் பண்புகளை மரபுரிமையாகப் பெற்றுக் கிளைக்கும் என்னும் எண்ணமே அப்பெயரைத் தந்தது. அடிப்படை அலகுகள் மூன்று: எண்ணக்கரு, செய்கை, உசாத்துணை. ஒரு பொருள் யாது எனக் கூறுவது முதலாவது. ஒன்றை எவ்வாறு செய்வது எனக் கூறுவது இரண்டாவது. விவரங்களைத் தேடியெடுப்பதற்காக அடுக்கி வைப்பது மூன்றாவது. செய்கை அலகினுள் முன்தேவை, சூழல், படிகள், பயன் என இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு படியிலும் கட்டளை முன்னும் விளக்கம் பின்னும் நிற்கவேண்டும். எச்சரிக்கை மாத்திரமே கட்டளையை முந்தலாம். எழுதுபவர் விரும்பினாலும் இவ்வொழுங்கை மீற முடியாது. கணனி ஏற்க மறுத்துவிடும். யாப்பை மீறிய புலவன் புகழ்பெறுதல் உண்டு. இங்கே அதற்கு வாய்ப்பில்லை.

இவ்வுருவம் ஒரே மூலத்திலிருந்து பிறந்ததன்று. அதன் பெறுமானத்தை மதிப்பிடுவதற்கு அது எங்கெங்கிருந்து வந்தது என்பதை அறிதல் அவசியமாகும்.

1971 நவம்பரில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்னும் இருவர் பெல் ஆய்வுகூடத்தில் தாம் ஆக்கிய யுனிக்ஸ் முறைமைக்கு ஒரு கைந்நூல் தொகுத்தனர். அதிலே ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியே, ஒரே தலைப்புக்களின் கீழ் விளக்கப்பட்டது: பெயர், அமைப்பு, விவரணம், தொடர்புடைய பிற பக்கங்கள், குறைகள். முன்னுரையிலிருந்து முடிவுவரை வாசிப்பதற்கு அது எழுதப்படவில்லை. ஏலவே அறிந்த ஒருவர் மறந்ததை நினைவுபடுத்திக்கொள்வதற்காகத் திறக்கும் நூல் அது. கட்டளையின் பெயரை அறியாதவர் அதற்குள் நுழைவது கடினம். அறிந்தோர் அறிந்தோர்க்கு எழுதிய நூல் என்ற வகையில் அது நமது சூத்திர நூல்களை ஒத்தது.

றொபேட் ஹோர்ன் என்பார் 1960களின் பிற்பகுதியில் வகுத்த முறை வேறொரு கிளை. அலுவலக ஆவணங்களைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தலைப்பிட்டு, செய்முறை, செயற்பாடு, எண்ணக்கரு, அமைப்பு, வகைப்பாடு, கோட்பாடு, தகவல் என எழுவகையாகப் பகுப்பது அது. ஒரு தொகுதிக்குள் ஏழுக்கும் ஒன்பதுக்கும் மேற்படாத கூறுகளே இருக்கலாம் என்னும் விதிக்கு உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஆதாரமாகக் காட்டப்பட்டது. மில்லரின் ஆய்வோ கண்முன் இல்லாதவற்றை மனம் எத்தனை தாங்கும் என்பது பற்றியது. பக்கத்தில் அச்சாகி வாசகனின் கண்முன்னே கிடக்கும் பட்டியலுக்கு அவ்வெல்லை எவ்வாறு பொருந்தும்? அறிவியலின் பெயரால் நிலைநாட்டப்பட்ட விதிகளை அறிவியல் நோக்கில் மீளப் பார்த்தல் வேண்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

மூன்றாவது கிளையே என் மதிப்பீட்டில் மிக முக்கியமானது. 1980களில் ஜோன் கரோல் என்னும் ஆய்வாளர் ஐ. பி. எம். ஆய்வு நிலையத்தில், சொற்செயலி இயந்திரங்களைக் கற்க வந்த அலுவலக ஊழியர்கள் கைந்நூலை எவ்வாறு வாசிக்கின்றனர் எனக் கூர்ந்து அவதானித்தார். அவர்கள் வாசிக்கவேயில்லை. பக்கங்களைத் தாண்டினர், தாமே ஏதோ முயன்றனர், தவறினர், தவறியபின் நூலைப் புரட்டினர், நூலில் அத்தவறு பற்றி யாதும் இல்லாதிருப்பக் கண்டு சலித்தனர். இதனை வாசகனின் குற்றமெனக் கொள்ளாது நூலின் குற்றமெனக் கொண்டமையே கரோலின் சிறப்பு. முன்னுரைகளையும் மீள்கூறல்களையும் களைந்து, உண்மையான வேலையிலிருந்து தொடங்கி, தவறைக் கண்டறிந்து திருத்தும் வழிகளுக்கு நிறைய இடமளித்து அவர் ஆக்கிய சுருங்கிய கைந்நூலைக்கொண்டு கற்றோர், முன்னைய பருமனான நூலைக்கொண்டு கற்றோரினும் விரைவாகத் தேறினர். 1990 இல் வெளியான அவரது நூலுக்கு நூரம்பேர்க் புனல் எனப் பெயரிட்டார். தலையில் புனலை வைத்து அறிவை ஊற்றிவிடலாம் என்னும் ஜேர்மானியக் கதையைக் கேலி செய்யும் பெயர் அது.

வாசகன் நடுவிலே வருகிறான் என்னும் உண்மையைக் கரோல் நமக்கு உணர்த்தினார். நன்னூலார் சூத்திரங்களின் இயைபைக் கூறுமிடத்து ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்கு நிலைகளை வகுத்தார். அவை சூத்திரத்தின் நிலைகள். நூலினுள் ஒரு சூத்திரம் மற்றொன்றை எவ்வாறு தழுவுகிறது என்பது பற்றியவை. தலைப்பலகு முறையிலோ பருந்தாவது வாசகன். வானத்திலிருந்து ஒரேயொரு பக்கத்தின்மேல் வீழ்ந்து வேண்டியதைக் கவர்ந்துகொண்டு செல்பவன் அவன்.

இவ்விடத்தில் ஒப்புநோக்கு ஒன்று அவசியமாகின்றது. தொல்காப்பியச் செய்யுளியல், நூலுக்கு ஒரே பொருளைக் கருதிய சூத்திரத்தையும், இனமானவற்றைத் தொகுத்த ஓத்தையும், பொதுப்பட அமைந்த படலத்தையும், இம்மூன்றையும் உள்ளடக்கிய பிண்டத்தையும் கூறுகிறது. ஒரு பொருள், ஓரலகு; அலகுகளின் தொகுதி; தொகுதிகளின் தொகுதி. டீற்றாவின் அலகையும் பட்டியலையும் படித்த தமிழ் மாணவன் எவனும் 'இதனை நாம் முன்னமே கூறிவிட்டோம்' என்று பெருமிதங்கொள்ள இடமுண்டு. அப்பெருமிதம் எளிது, பயனற்றதும் ஆகும். ஒற்றுமையைக் காட்டிலும் வேற்றுமையே நமக்கு அதிகம் கற்பிக்கின்றது. நன்னூல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என்பனவும் உள. பின்னர் கூறுவோம் என்றும், முன்னர் கூறினோம் என்றும் ஆசிரியர் உரைக்கலாம். ஏனெனில் மாணாக்கன் நூலை முறைப்படி, முழுமையாக, மனனஞ்செய்து கற்கிறான். அவனருகே ஆசிரியர் இருக்கிறார். சூத்திரத்தின் பக்கத்தில் உரை இருக்கிறது. தலைப்பலகு முறையில் இவ்விரு உத்திகளும் தடைசெய்யப்பட்டவை. 'மேலே கூறியவாறு' என ஓரலகு கூறுமாயின், அதற்கு மேலே யாதும் இல்லாத இடத்தில் அது நிற்க நேரலாம்.

'கூறியது கூறல்' பத்துக் குற்றங்களுள் ஒன்று. இங்கு அது கடமையாகிவிடுகின்றது. அபாய எச்சரிக்கை ஒன்று பத்துச் செய்கைகளுக்குப் பொதுவாயின், பத்திடத்தும் அது வரவேண்டும். பத்தாவது அலகை மட்டும் வாசிப்பவன் முதலாவதை வாசித்திருக்கமாட்டான். நன்னூலார் குற்றமென்றது தவறன்று. அவர் கருதிய வாசகன் வேறு. உருவ விதிகள் என்றென்றைக்கும் உரியனவல்ல, ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையேயுள்ள சமூக உறவைச் சார்ந்தவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கவிதையிலும் கிடைப்பது அரிது. ஆறுமுக நாவலர் (1822–1879) இலக்கணச் சுருக்கத்தை எண்ணிட்ட சிறு உரைநடைக் கூற்றுக்களாக அமைத்துத் தேர்வு வினாக்களையும் சேர்த்தமை, சூத்திரத்தை மனனஞ்செய்த மாணாக்கனிலிருந்து அச்சுப் புத்தகத்தைக் கையிலேந்திய பாடசாலை மாணாக்கனுக்கு இலக்கணம் இடம்பெயர்ந்ததன் அடையாளமேயாகும்.

இனி, இவ்வுருவம் பற்றிய வாதம் வெறும் கலைச்சொல் விளையாட்டன்று என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைக் கூறவேண்டும். கனடாவில் ஆக்கப்பட்ட தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சை இயந்திரம் 1985 ஜூனிலிருந்து 1987 ஜனவரி வரை நோயாளர் அறுவருக்கு அளவுமீறிய கதிரைச் செலுத்தியது. அவர்களுட் சிலர் அதனால் உயிரிழந்தனர். 1986 மார்ச்சில் ரெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகரில் அதனை இயக்கிய பெண் ஊழியர், சிகிச்சை வகையைக் குறிக்கும் எழுத்தைத் தவறாக இட்டு உடனே திருத்தினார். இயந்திரம் நின்றது. திரையில் தோன்றியது 'கோளாறு 54' என்னும் தொடர். 202 அலகு செலுத்தவேண்டிய இடத்தில் 6 அலகே சென்றதாகத் திரை காட்டியது. இத்தகைய கோளாறுகள் நாளாந்தம் பல தோன்றிக்கொண்டிருந்தமையால் அவர் தொடர்க என்னும் விசையை அழுத்தினார். கதிர் இரண்டாம் முறையும் பாய்ந்தது. நோயாளி சில மாதங்களின் பின் இறந்தார்.

இயக்குநருக்குத் தரப்பட்ட கைந்நூலில் கோளாறு எண்கள் பற்றிய விளக்கம் எதுவும் இருக்கவில்லை. இயந்திரத்தோடு இருந்த தாளொன்றில் 54 என்பதற்கு நேரே இரண்டாம் இலக்க அளவு உள்ளீடு என்னும் பொருள்பட ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. கதிரின் அளவு மிகக் கூடியோ மிகக் குறைந்தோ சென்றுள்ளது என்பதே அதன் உட்பொருள் எனப் பின்னரே தெரியவந்தது. 1993 இல் நான்சி லெவ்சன், கிளார்க் ரேணர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவற்றை விரிவாகக் கூறுகின்றது. விபத்துக்களின் அடிக் காரணம் கைந்நூலன்று; மென்பொருளின் பிழையும், முன்னைய இயந்திரங்களில் இருந்த பொறிமுறைக் காப்புக்களை நீக்கியமையும், முறைப்பாடுகளை நிறுவனத்தார் ஏற்க மறுத்தமையுமே முதன்மைக் காரணங்கள். நல்ல கைந்நூல் அப்பெண்ணின் கையைத் தடுத்திருக்கும் என உறுதியாகக் கூற எவராலும் இயலாது.

எனினும் இவ்வாறு எண்ணிப் பார்க்கலாம். 'கோளாறு 54' என்பதற்கு ஓரலகு எழுதவேண்டும் என்னும் நியதி இருந்திருப்பின், அவ்வலகினுள் பொருள், காரணம், நோயாளிக்கு நேரக்கூடிய அபாயம், இயக்குநர் செய்யவேண்டியது என நான்கு இடங்கள் இருந்திருப்பின், எழுத்தாளர் மூன்றாவது இடத்தில் எதனை எழுதியிருப்பார்? அவருக்குத் தெரிந்திராது. பொறியியலாளரிடம் சென்று கேட்டிருப்பார். பொறியியலாளருக்கும் தெரியாதெனின், அவ்விடம் வெற்றிடமாக நின்றிருக்கும். வெற்றிடம் கண்ணிற் படும். தொடர்ச்சியான உரைநடையிலே கூறாது விட்டது மறைந்துவிடும். நல்ல உரைநடை வல்லார் அறியாமையை ஓர் அழகிய வாக்கியத்தால் மூடிவிட்டுச் செல்வர். (நமது பட்டதாரி மாணவரின் ஆய்வேடுகளிலும் இவ்வித்தை காணப்படுவதுண்டு.) வகுத்த உருவம் எழுத்தாளரைப் பார்த்து வினா எழுப்புகின்றது என்பதே இம்முறையின் உயிர்நிலை என நான் கருதுகிறேன். அது எழுதுவதற்கான வசதியன்று, கேட்பதற்கான கட்டாயம்.

ஆனால் இம்முறையை நிறுவனங்கள் விரும்பி ஏற்றமைக்கு இது மட்டும் காரணமன்று. அலகுகளைப் பண்டசாலையில் அடுக்கி வைத்து வேண்டியபோது எடுத்துப் பொருத்தலாம்; ஒருமுறை எழுதியதை நூறு நூல்களிற் பயன்படுத்தலாம்; ஒருமுறை மொழிபெயர்த்ததற்கு மறுமுறை கூலி கொடுக்கவேண்டியதில்லை. துப்பாக்கியின் உறுப்புக்களை ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கனவாகச் செய்த தொழிற்சாலை முறை எழுத்துக்கு வந்து சேர்ந்தது எனலாம். வாசகனைக் கருதிப் பிறந்த உருவமும் செலவைக் கருதிப் பிறந்த உருவமும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இத்துறையில் திறனாய்வாளனின் பணி.

அதன் விளைவை நானும் அனுபவித்ததுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எமது வீட்டுக் கிணற்றுக்கு வாங்கிய நீரிறைக்கும் இயந்திரத்தோடு பல மொழிகளில் அச்சிட்ட சிறு கைந்நூலொன்று வந்தது. தமிழ்ப் பகுதியும் அதில் இருந்தமை மகிழ்ச்சியளித்தது. எரிபொருள் தாங்கியின் மூடியை இறுக்கிய பின்னரே இயந்திரத்தை இயக்குமாறு அது நம்மை வற்புறுத்தியது. இயந்திரமோ மின்சாரத்தில் இயங்குவது. வேறோர் இயந்திரத்துக்கு எழுதப்பட்ட அலகு இங்கு வந்து குடியேறிவிட்டது. எழுதியவர் தவறவில்லை, மொழிபெயர்த்தவரும் தவறவில்லை. நூல் முழுவதையும் ஒருமுறையேனும் வாசித்த ஒருவர் அவ்வமைப்பினுள் எங்கும் இல்லை என்பதே தவறு. அயலவரான ஐயா ஒருவர் அத்தாங்கியைத் தேடிச் சிறிது நேரம் இயந்திரத்தைச் சுற்றிவந்தார்.

அப்பகுதியின் மொழியும் நோக்கத்தக்கது. கட்டளை வாக்கியத்தை ஏவல் வினையால் தொடங்குக என்பது ஆங்கிலக் கைந்நூலாசிரியர்க்குக் கூறப்படும் விதி. நிபந்தனை உளதாயின் அதனைக் கட்டளைக்கு முன்னே வைக்க என்பது இன்னொரு விதி. மூடியைத் திறக்குமாறு முதலிற் கூறிவிட்டு, மின்னிணைப்பைத் துண்டித்த பின்னர் என இறுதியிற் சேர்த்தால், அவசரக்காரன் இறுதிவரை வாசிக்குமுன் மூடியைத் திறந்துவிடுவான் அல்லவா? தமிழில் இதற்கு விதி வேண்டியதில்லை. 'மின்னிணைப்பைத் துண்டித்த பின்னர் மூடியைத் திறக்கவும்' என்பதே நமது வாக்கியத்தின் இயல்பான நடை. வினையெச்சம் முன்னும் முற்று பின்னும் நிற்பதால், செயல்கள் நிகழும் ஒழுங்கிலேயே சொற்களும் நிற்கின்றன. கைந்நூலுக்கு இத்துணை இசைந்த தொடரமைப்பு நம்மிடம் இருக்க, என் கையிலிருந்த தமிழ்ப் பகுதி 'திறக்கவும் மூடியை, துண்டித்த பின்னர்' என்னும் பாங்கில் ஆங்கிலத்தின் நிழலாக அமைந்திருந்தது. வாக்கியங்கள் தனித்தனியே வெட்டப்பட்டு, முன்பின் தெரியாத நிலையில் மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பப்படும்போது இவ்வாறாதல் வியப்பன்று. 'அது', 'அதனை' என வரும் சுட்டுப்பெயர் எதனைச் சுட்டுகின்றது என்பதைக்கூட அவர் ஊகித்தே எழுதவேண்டியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தம் மாணாக்கரோடு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது, ஒரு நூலை நூலாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய கலைச்சொற்களுட் பல இன்று வழக்கிறந்துவிட்டன. வடமொழிச் சார்பும் அதிகம். ஆயினும் அந்நூல்களை எடுத்துக்கொண்டவர் அவற்றைக்கொண்டு தாமே கற்பித்தார். கற்பிக்குமிடத்து எது விளங்கவில்லை என்பதை மாணாக்கரின் முகத்திலேயே கண்டார்.

டீற்றா நியமத்தின் வரலாற்றில் இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. தொடக்கத்திலிருந்த மூவகை அலகுகளுள் கோளாறு நேர்ந்தவிடத்து யாது செய்வது எனக் கூறுவதற்குத் தனியான அலகு இருக்கவில்லை. எண்ணக்கரு, செய்கை, உசாத்துணை ஆகிய மூன்றும் யாவும் ஒழுங்காக இயங்கும் உலகுக்கு உரியன. நிலை, காரணம், பரிகாரம் என்னும் இடங்களையுடைய கோளாறு நீக்கும் அலகு 2015 டிசெம்பரில் வெளியான 1.3 ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. வாசகர் பெரும்பாலும் தவறிய பின்னரே நூலைத் திறக்கின்றனர் எனக் கரோல் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே எழுதியிருந்தார்.

யுனிக்ஸ் கைந்நூலோ 'குறைகள்' என்னும் தலைப்பைத் தொடக்கத்திலேயே கொண்டிருந்தது. தாம் ஆக்கிய கருவி எங்கெங்கு பழுதுபடும் என்பதை ஆக்கியோரே அதன் கீழ் எழுதினர். சிலவிடங்களில் நகைச்சுவையோடும் எழுதினர். 1971 ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனோடு 'உரியவர்' என்றும் ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழ் தொம்சன், றிச்சி ஆகியோரின் சுருக்கப் பெயர்கள் இடப்பட்டிருந்தன. குறை கண்டவர் எவருடைய கதவைத் தட்டவேண்டும் என்பது அப்பக்கத்திலேயே தெரிந்தது. எமது நீரிறைக்கும் இயந்திரத்தின் கைந்நூலை இதை எழுதுவதற்காக மீண்டும் எடுத்துப் பார்த்தேன். தமிழ்ப் பகுதியின் இறுதியில் ஓர் அச்சு எண் மாத்திரம் உண்டு.